வக்கீலுக்கு வரலாறு எதற்கு?

கேள்வி: பிளஸ் டூ முடித்த என் மகள் ஐந்தாண்டு பி.ஏ., எல்.எல்.பி. சேர ஆசைப்படுகிறாள். சட்டம் படிக்கப் போகிறவளுக்கு வரலாறும் சமூகவியலும் எதற்கு?
- ஒரு வாசகர், தக்கலை

பதில்: உங்கள் ஊரிலேயே விடை இருக்கிறது. நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் மருமக்கள்வழி இருந்த காலத்தில் குடும்பச் சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போனது. மனைவி மக்களுக்கு மிஞ்சியது 'உகந்துடைமை' என்ற சிறு பங்கு. அந்த வேதனையைக் கவிமணி 'மருமக்கள்வழி மான்மிய'த்தில் பாடினார். சமுதாயத்துக்குள்ளேயே கிளர்ச்சி எழுந்தது. 1926-இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் கொண்டுவந்தது. சட்டப் பிரிவை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு அது ஏன் வந்தது என்று புரியாது.

கிறிஸ்தவப் பெண்கள் கதையும் உண்டு. 1916-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் சட்டப்படி, தந்தை உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் கால் பாகம் அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுதான். மேரி ராய் வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம், இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்றது. தீர்ப்பு வந்த பிறகும் எத்தனை மகள்கள் சகோதரனிடம் பங்கு கேட்கத் தயங்கினார்கள்! அந்தத் தயக்கத்தை ஆராய்வது சமூகவியல். அதை அறியாத வக்கீலால் கட்சிக்காரர் சொல்லாமல் விடுவதைக் கேட்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

தாராளமாகச் சேருங்கள். திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரி பக்கம்தான். கல்லூரி திறக்குமுன், வீட்டிலுள்ள பழைய பாகப்பிரிவினைப் பத்திரங்களை அவளிடம் வாசிக்கக் கொடுங்கள்.