தாளைப் படி, அப்புறம் திருப்புளியை எடு

அன்புள்ள கண்ணு,

மல்லசமுத்திரத்தில் நீ கடை பிடித்ததையும், ஒரு பள்ளிக்கூடம் கழித்துவிட்ட டூப்ளிகேட்டரை வாங்கிப் போட்டதையும் உன் அம்மா போனில் சொன்னாள். நல்ல யோசனைதான். திருச்செங்கோடு, ராசிபுரம், நாமக்கல் என்று சுற்றிலும் பள்ளிக்கூடங்கள். வாரத்துக்கு வாரம் பரீட்சை. ஐந்தாறு நகல் என்றால் ஜெராக்ஸ் போதும். நூறைத் தாண்டினால் டூப்ளிகேட்டர்தான் கட்டுப்படியாகும்.

ஐந்து குறை எழுதியிருக்கிறாய்: தாளில் வெள்ளைக் கோடு, பின்பக்கம் கறை, இரண்டிரண்டாகத் தாள் இழுப்பது, தாள் டிரம்மில் சுற்றிக்கொள்வது, விடுமுறை முடிந்து ஓட்டினால் மங்கலாக வருவது. எந்தப் பார்ட்ஸை மாற்றட்டும் மாமா என்று கேட்கிறாய். இப்போதைக்கு எதையும் மாற்றாதே. மெஷினில் வரும் குறையை அது அடித்துப் போட்ட தாளே சொல்லிவிடும். அதைப் படிக்கத் தெரியாமல் திருப்புளியை எடுக்கிறவர்கள்தான் நல்ல பாகத்தைக் கழற்றி வீணாக்குகிறார்கள்.

முதலில் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள். ஸ்கேனர் மூலத்தாளைப் படிக்கிறது. தெர்மல் ஹெட் என்ற சூட்டுப் பட்டை, மாஸ்டர் ரோலின் மெல்லிய படலத்தில் எழுத்து வரவேண்டிய இடமெல்லாம் நுண்ணிய துளை போடுகிறது. அந்த மாஸ்டர் டிரம்மின் மேல் சுற்றிக்கொள்கிறது. டிரம்முக்குள் இருக்கும் மை, டிரம்மின் மேல் உள்ள வலையில் கசிந்து, மாஸ்டரின் துளை வழியாக வெளியே வருகிறது. கீழே வரும் தாளை அழுத்து உருளை டிரம்மோடு சேர்த்து அமுக்க, எழுத்து தாளில் விழுகிறது. உன் அம்மா படித்த காலத்துப் பரீட்சைத் தாளை அடித்த சைக்ளோஸ்டைலும் இதே வழிதான். 1881-இல் லண்டனில் டேவிட் கெஸ்டெட்னர் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அதில் மெழுகுத்தாளை ஊசிச் சக்கரப் பேனா குத்தியது, பின்னால் டைப்ரைட்டர் குத்தியது, இன்றைய மெஷினில் சூடு குத்துகிறது. 1946-இல் டோக்கியோவில் நொபோரு ஹயாமா தொடங்கிய ரிசோ நிறுவனம் 1980-களில் இந்த வகையைப் பரப்பியது. ரிக்கோ, டூப்லோ பெயரிலும் வந்தன. பெயர் எதுவானாலும் ஸ்கேனர், மாஸ்டர், மை, தாள் என்ற நான்கு கட்டம்தான். குறை எந்தக் கட்டத்தில் என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பழைய மெஷின் என்பதால் இரண்டு விஷயத்தை இன்றைக்கே பார். ஒன்று, மெஷினின் பின்பக்கப் பட்டையில் எத்தனை வோல்ட் என்று போட்டிருக்கிறது? ஜப்பானில் ஓடிப் பழையதாகி வந்த மெஷினில் 100 வோல்ட் என்று இருக்கும். நம் வீட்டு மின்சாரம் 230. நேராகச் செருகினால் பவர் போர்டு போய்விடும். அதன் வாட்டுக்குத் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துத்தான் ஓட்டவேண்டும்.

இரண்டாவது, கவுன்ட்டர். மொத்தம் அடித்த தாள் ஒரு கணக்கு, போட்ட மாஸ்டர் இன்னொரு கணக்கு. வாங்குகிறவர்கள் முதல் எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படுகிறார்கள். தாள் இழுக்கும் ரப்பர் தேய்வது அடித்த தாளின் கணக்கில். தெர்மல் ஹெட் தேய்வது மாஸ்டர் கணக்கில். 20 லட்சம் தாள், 4,000 மாஸ்டர் என்று வை. ஒரு மாஸ்டருக்கு 500 தாள் ஓடியிருக்கிறது. ஹெட் அதிகம் உழைக்கவில்லை, ரப்பர்தான் உழைத்திருக்கிறது. அதே 20 லட்சத்துக்கு 40,000 மாஸ்டர் என்றால் கதை வேறு. ரப்பர் மலிவு, ஹெட் விலை கூடுதல். இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பழைய மெஷினுக்கு விலை பேசவேண்டும்.

இனி உன் குறைகள். வெள்ளைக் கோடு தாள் ஓடும் திசையிலேயே, மேலிருந்து கீழ்வரை நேராக இருக்கிறதா? அப்படியென்றால் இந்தச் சோதனைகளை வரிசையாகச் செய். மூலத்தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்து இன்னொரு மாஸ்டர் போடு. கோடும் எழுத்தோடு சேர்ந்து இடம் மாறினால் குறை மூலத்தாளில். இருந்த இடத்திலேயே நின்றால் மெஷினில். அடுத்து, கம்ப்யூட்டர் இணைப்பு இருந்தால் அதிலிருந்து அடித்துப் பார். இல்லையென்றால் மெஷினின் சோதனைப் படத்தை அடி. அதில் கோடு காணாமல் போனால் ஸ்கேனர் கண்ணாடியைத் துடைத்தால் போதும். அங்கேயும் வந்தால் சந்தேகம் ஹெட்டின் மேல்தான். அங்குலத்துக்கு 300 புள்ளி போடும் ஹெட்டில், ஏ4 அகலத்துக்கு மட்டும் ஏறக்குறைய 2,480 சூட்டுப் புள்ளிகள். ஒன்றின் மேல் தூசு உட்கார்ந்தாலும் அந்த வரிசையில் துளை விழாது. அந்த இடம் வெள்ளைக் கோடாகிவிடும்.

உன் கடைக்குப் பக்கத்தில் விசைத்தறி ஓடுகிறது என்றாய். அங்கிருந்து பறக்கிற பஞ்சுத் தூசு ஹெட்டில் படிய வாய்ப்பு அதிகம். பிளக்கைப் பிடுங்கு, ஹெட் ஆறட்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த மெத்தென்ற துணியால் ஒரே திசையில் துடை. பிளேடு, நகம், உப்புத்தாள் எதுவும் அதன் மேல் படக்கூடாது. இரண்டு முறை துடைத்தும் கோடு அதே இடத்தில் நின்றால் அந்தப் புள்ளி செத்துவிட்டது. ஒற்றைக் கோடு வினாத்தாளின் ஓரத்தில் விழுந்தால் அதோடு ஓட்டலாம்; நடுவில் விழுந்தால்தான் ஹெட் மாற்றும் பேச்சு. கோடாக இல்லாமல் திட்டாக, ஒவ்வொரு தாளிலும் ஒரே இடத்தில் வெளுத்திருந்தால் அது ஹெட் இல்லை. டிரம் வலையில் மை காய்ந்து அடைத்திருக்கும், அல்லது மாஸ்டர் சுருங்கி ஒட்டியிருக்கும். புது மாஸ்டர் போட்டதும் போனால் சுருக்கம், போகாவிட்டால் வலை.

பின்பக்கக் கறைக்கு ஒரே ஒரு சோதனை. காலித் தட்டில் முதல் தாள் விழுந்ததும், அதன் மேல் அடுத்தது விழுவதற்குள் எடுத்துத் திருப்பிப் பார். அப்போதே கறை இருந்தால் அழுத்து உருளையில் மை ஏறியிருக்கிறது. உருளை சிறியது என்பதால் ஒரே தாளில் அந்தக் கறை இரண்டு மூன்று முறை திரும்ப வரும். மாஸ்டரில் படம் ஏ4 அளவுக்கு இருக்க, பாதித் தாளில் நோட்டீஸ் அடித்தால் மிச்ச மை உருளையில்தான் விழும். உருளையைத் துடை, அடுத்த முறை தாளின் அளவுக்குள் படத்தை அடக்கு. கையில் எடுத்த தாள் சுத்தமாக இருந்து, அடுக்கில் கிடக்கும் தாளில் மட்டும் கறை என்றால், கீழே கிடக்கும் தாளின் ஈர மை மேல் தாளின் முதுகில் ஒட்டுகிறது. மை அடர்த்தியைக் குறை, அடுக்கைச் சீக்கிரம் சீக்கிரம் எடுத்து வை.

இந்த மை எண்ணெயும் தண்ணீரும் கலந்த குழம்பு. தாள் உறிஞ்சித்தான் அது காயும். ஜெராக்ஸ் பொடியைப் போலச் சூட்டில் உருகிப் பிடிப்பதில்லை. அதனால்தான் வழவழப்பான ஆர்ட் பேப்பரில் நாள் கழித்துத் தொட்டாலும் விரலில் வருகிறது. அந்தத் தாளுக்கு ஆர்டர் வந்தால் ஆஃப்செட் பிரஸ்ஸுக்கு அனுப்பிவிடு. வினாத்தாள் இரண்டு பக்கமும் வேண்டும் என்பார்கள். ஒரு பக்கம் அடித்த கையோடு மறுபக்கம் ஓட்டினால் இழுக்கும் ரப்பரில் ஈர மை ஒட்டி, தாள் நடுவே டயர் ஓடிய தடம் விழும். முன்பக்கத்தை மாலையில் அடி, பின்பக்கத்தை மறுநாள் காலையில் அடி. அவசரம் என்று வாத்தியார் நின்றாலும், முடிந்தவரை தள்ளிப்போடு.

இரண்டிரண்டாக இழுப்பதற்கும் இழுக்காமல் வழுக்குவதற்கும் காரணம் பெரும்பாலும் தாளும் ரப்பரும்தான். ரப்பரைத் தொட்டுப் பார். சொரசொரப்பாக இல்லாமல் பளபளவென்று இருந்தால் தாள்தூசு படிந்து மெழுகிக் கிடக்கிறது. தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடை. பெட்ரோல், தின்னர் வேண்டவே வேண்டாம். ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும். தாளைப் பிரித்துவிடும் சிறு ரப்பர் பட்டையையும் துடை. துடைத்த அன்றைக்குச் சரியாகி, மறுநாளே பழையபடி ஆனால் ரப்பர் தேய்ந்துவிட்டது, அப்போது மாற்று. சித்திரை வெயிலில் தாள் வறண்டு ஒன்றோடொன்று ஒட்டும். ஐப்பசி மழையில் ஈரம் குடித்து வளையும். ரீம் உறையை அன்றாடத் தேவைக்கு மட்டும் கிழி, நாலு ஓரமும் காற்றுப் புகுமாறு விசிறிவிட்டு அடுக்கு.

தாள் டிரம்மில் சுற்றிக்கொள்வதைப் பற்றி எழுதியபோது, ஒரு பள்ளிக்கூடத்தின் தாள் மட்டும் அப்படிச் சுற்றுகிறது என்றாய். பதில் அதிலேயே இருக்கிறது. அவர்கள் பெயரைத் தலைப்பில் கருப்புப் பட்டையாகப் போட்டிருப்பார்கள். தாளின் முன்விளிம்பில் மை அதிகம் விழுந்தால், அது பசைபோல டிரம்மைப் பிடித்துக்கொள்ளும். முன்விளிம்பில் குறைந்தது 5 மில்லிமீட்டர் வெற்றிடம் வேண்டும். மூலத்தாளைத் தலைகீழாக வைத்துவிடு; கருப்புப் பட்டை கடைசியில் வரும், தாள் தானே பிரிந்து விழும். எல்லாத் தாளும் சுற்றினால்தான் தாளை டிரம்மிலிருந்து பிரிக்கும் நகம் போன்ற பாகத்தையும் காற்றாடியையும் சந்தேகப்படவேண்டும்.

மங்கலுக்கு வருகிறேன். மெஷின் சும்மா கிடந்தால் வலையில் இருக்கும் மையின் நீர் ஆவியாகி இறுகிவிடும். மாஸ்டர் போடுமுன் ஐட்லிங் ஓட்டு. டிரம் தாளில்லாமல் சுற்றி மையைச் சமன்படுத்தும். வேலை முடிந்ததும் பழைய மாஸ்டரை உரித்து டிரம்மை வெறுமனே விடாதே. அடுத்த வேலை வரும்வரை அதுதான் மையைக் காயவிடாமல் காக்கும் மூடி. வெளியே எடுக்கும் டிரம்மைப் படுக்கைவாட்டில் வை, நிறுத்தி வைத்தால் மை ஒரு பக்கம் இறங்கிவிடும். மை தீராதபோதே தீர்ந்தது என்று மெஷின் சொன்னால், டிரம்முக்குள் மையைத் தொட்டறியும் ஊசியில் காய்ந்த மை பிடித்திருக்கலாம். அது ஆள் வந்து பார்க்கவேண்டிய இடம். கியர், பெல்ட், பவர் போர்டு, அடிக்கடி வரும் ஒரே எரர் எண், டிரம்முக்கு வெளியே மை வழிவது, இவற்றிலும் நீ கைவைக்க வேண்டாம். சில மாடல்களில் மை டியூபிலும் மாஸ்டர் ரோலிலும் சிப் இருக்கும். வேறு நாட்டுக்குச் செய்ததைப் போட்டால் மெஷின் ஏற்காது. மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்கு.

இப்போது ஒரு வேலை செய். ஒரே மாஸ்டரில் தொடர்ந்து பத்துத் தாள் அடி. வந்த வரிசைப்படி எண் போடு. எந்த விளிம்பு முதலில் வெளியே வந்தது என்று பென்சிலில் அம்புக்குறி போடு. பிறகு புது மாஸ்டர் போட்டு இன்னொரு பத்து. இருபதையும் தரையில் பரப்பிக் குறை இடம் மாறுகிறதா, நிற்கிறதா, திரும்பத் திரும்ப வருகிறதா என்று நீயே பார்த்து, எந்தக் கட்டத்தில் குறை என்று ஒரு வரி எழுது. அந்த வரியோடு தாள்களையும் பஸ்ஸில் கொடுத்தனுப்பு. என் கணக்கும் உன் கணக்கும் ஒத்துப்போனால் அடுத்த முறை என்னைக் கேட்கவேண்டியதில்லை.

அன்புடன்,
உன் மாமா