மலைவாழ்வும் மனித உடலமைப்பும்

செமோரிலிருந்து கிழக்கே நோக்கினால், தித்திவங்சா மலைத்தொடர் ஓங்கி நிற்பதைக் காண்கிறோம். அத்தொடரிலுள்ள கோர்பு மலையின் உயரம் 2,183 மீட்டர். உலகின் வேறு சில பகுதிகளில், இதனைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு உயரத்தில் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். அவர்தம் உடலமைப்பு நமக்கு நல்லதொரு பாடமாகும்.

காற்றில் பிராணவாயுவின் பங்கு எங்கும் நூற்றுக்கு 21தான். ஆனால், 4,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்கே இருக்கும். ஆதலால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு குறைகிறது.

இக்குறையை மனித உடல் ஒரே வழியில் ஈடுசெய்வதில்லை. தென் அமெரிக்காவின் அண்டீஸ் மலைவாசிகளுக்கு மார்பு அகன்றும் நுரையீரல் பெருத்தும் இருக்கும். இரத்தத்தில் சிவப்பணுக்களும் மிகுந்திருக்கும். திபெத்தியரோ மூச்சை விரைந்து வாங்குகின்றனர்; அவர்தம் இரத்தம் அவ்வளவாகத் தடிப்பதில்லை. இதற்குத் துணைபுரியும் மரபணு மாற்றத்தை அறிஞர்கள் 2010ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

மலைவாசிகளுள் பலர் குட்டையான கால்களை உடையவர்கள். இதற்கு மலையும் மரபும் மட்டுமே காரணமா? குவாத்தமாலா நாட்டு மாயா மக்கள் குள்ளமானவர்கள் எனப் பெயர் பெற்றவர்கள். அவர்களுள் அமெரிக்காவில் குடியேறியோரின் பிள்ளைகளை ஆய்வாளர்கள் அளந்தனர். தாய்நாட்டிலுள்ள மாயா பிள்ளைகளைவிட அவர்கள் சராசரியாக 11 சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்திருந்தனர் என 2002ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறியது. அவ்வளர்ச்சியில் பாதிக்கு மேல் கால்களிலேயே காணப்பட்டது. அவர்தம் மரபு மாறவில்லை. உணவும் குடிநீரும் மருத்துவ வசதியுமே மாறின.

நமது தோட்டங்களில், வளர்ச்சி குன்றிய பிள்ளையைக் கண்டு, "எங்கள் குடும்ப வாகு அப்படி" என்று சொல்லிவிடுவோர் உண்டு. பெற்றோரின் உயரம் பிள்ளைக்கு வருவது உண்மையே. எனினும், போதிய உணவின்மை, குடற்புழு, அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு ஆகியவையும் வளர்ச்சியைத் தடுக்கும். முதலில் குறைவது கால்களின் நீளமே.

எனவே, பிள்ளைகளை அரசாங்க மருந்தகத்திற்கு அழைத்துச் சென்று எடையும் உயரமும் பார்த்து வருவோம். முட்டை, நெத்திலி, பருப்பு, முருங்கைக்கீரை ஆகியவற்றை அன்றாட உணவில் சேர்ப்போம். கொதித்தாறிய நீரையே பருகக் கொடுப்போம். மலையின் உயரத்தை நம்மால் மாற்ற இயலாது. நம் பிள்ளைகளின் வளர்ச்சிக்குத் துணைநிற்க நம்மால் இயலும்.