பிழை யாருடையது?



சென்ற ஆண்டு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அப்பாவும் நானும் பிரவுசிங் சென்டருக்குப் போனோம். கடைசிப் பொத்தானை அழுத்தியதும் திரையில் '500' என்று வந்து நின்றுவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத அப்பா, "ஏம்ப்பா, நாம ஏதும் தப்பா எழுதிட்டமா?" என்று பதறினார். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை.

இன்று தெரியும். 400 வரிசை எண்கள் வந்தால் கேட்டவர் பக்கம் குறை; 500 வரிசை வந்தால் சர்வர் பக்கம் குறை. அப்பா மேல் தப்பே இல்லை!

வேடிக்கை என்னவென்றால், என் புராஜெக்டிலும் இதே குழப்பத்தை நானே செய்தேன். ஜாவாவில், ஸ்பிரிங் பூட் கொண்டு ஒரு நூலக சர்வீஸ். நூல், உறுப்பினர், பொது என மூன்று மாட்யூல்கள். இல்லாத நூல் எண்ணைக் கேட்டால் 404 வர வேண்டும். அதற்கெனத் தனி எக்ஸெப்ஷன் எழுதி, அதைப் பிடிக்க 'ரெஸ்ட் கன்ட்ரோலர் அட்வைஸ்' குறிப்பிட்ட ஒரு கிளாஸைப் பொது மாட்யூலில் வைத்தேன். கம்பைல் ஆனது. ரன் பண்ணினால் 500!

இரண்டு நாள் மண்டையை உடைத்தபின் காரணம் புரிந்தது. ஸ்பிரிங் பூட், மெயின் கிளாஸ் உள்ள பேக்கேஜையும் அதற்குக் கீழ் உள்ளவற்றையும் மட்டுமே தானாகத் தேடும். என் பொது மாட்யூலின் பேக்கேஜோ வேறு பெயரில் இருந்தது. பந்தைப் பிடிக்க ஃபீல்டர் உண்டு. ஆனால் அவர் பக்கத்து மைதானத்தில் நிற்கிறார்!

தீர்வு எளிது. மெயின் கிளாஸில் 'ஸ்கேன் பேஸ் பேக்கேஜஸ்' என்ற இடத்தில் பொது மாட்யூலின் பேக்கேஜைச் சேர்க்க வேண்டும். நம் சொந்த பேக்கேஜையும் மறவாமல் எழுத வேண்டும். இல்லையெனில் அது விடுபட்டுப் போகும்.

நினைவில் கொள்ள மூன்று:

1. தவறான விவரம் தந்தால் 400, தேடிய பொருள் இல்லையெனில் 404, நம் கோளாறு என்றால் 500.

2. பல மாட்யூல்களில் ஹேண்ட்லர் இருந்தால் 'ஆர்டர்' கொடுத்து, எல்லாவற்றையும் பிடிக்கும் பொது ஹேண்ட்லரைக் கடைசியில் வையுங்கள். முன்னால் நின்றால் அதுவே எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

3. முழு விவரமும் லாகில் இருக்கட்டும். பயனாளருக்கு, அடுத்து என்ன செய்வது என்று ஒரு வரி போதும்.

நண்பர்களே, நாளை நாம் எழுதப்போகும் திரைகளுக்கு முன்னால் நம் அப்பா அம்மாக்கள்தான் நிற்பார்கள். பிழை நம்முடையது என்றால், அதை நாமே சொல்லிவிடுவோம்!