கரண்டு போனால் போன் பேசுமா?

பெங்களூரில் அல்சூர் பழைய ஊர். இங்கே ஏரி இருக்கிறது. சோமேசுவரர் கோயில் இருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக இங்கே வாழ்கின்றன.

சில வீடுகளில் இன்னும் பழைய போன் உண்டு. அதை லேண்ட்லைன் என்கிறோம். பலர் இப்போது இதை மாற்றுகிறார்கள். இணையம் வழியாகப் பேசும் போனை வாங்குகிறார்கள். நீங்களும் மாற்றலாம். மாற்றும் முன் சில செய்திகளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பழைய போன்

1876-ஆம் ஆண்டு கிரகாம் பெல் அமெரிக்காவில் தொலைபேசிக்கு உரிமம் பெற்றார். 1882-இல் சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களுக்குத் தொலைபேசி வந்தது.

நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு 1948. அந்த ஆண்டில் பெங்களூரில் ஐ.டி.ஐ. தொழிற்சாலை தொடங்கியது. அல்சூரிலிருந்து பழைய மதராஸ் சாலையில் கிழக்கே போனால் அந்த இடம் வரும். அதன் பெயர் தூரவாணி நகர். கன்னடத்தில் தூரவாணி என்றால் தொலைபேசி. நம் நாட்டு வீடுகளில் ஒலித்த கறுப்பு நிறப் போன்கள் பல அங்கே செய்தவை.

அந்தக் காலத்தில் போன் கிடைப்பது எளிதல்ல. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். ஒரு வீட்டில் போன் வந்தால் தெருவே அதில் பேசும்.

பழைய போனுக்கு இரண்டு செம்புக் கம்பிகள் உண்டு. அவை தொலைபேசி நிலையம் வரை போகும். நம் பேச்சு மின்சாரமாக மாறி அந்தக் கம்பியில் ஓடும்.

போனுக்கு வேண்டிய மின்சாரமும் அதே கம்பியில்தான் வரும். நிலையத்தில் பெரிய பேட்டரிகள் இருக்கும். அவை 48 வோல்ட் மின்சாரம் அனுப்பும். அதனால் வீட்டில் கரண்டு போனாலும் சாதாரண லேண்ட்லைன் போன் பேசும். இருட்டிலும் மணி அடிக்கும்.

புதிய போன்

செம்புக் கம்பிக்குத் தொல்லைகள் உண்டு. மழை பெய்தால் இணைப்பில் தண்ணீர் இறங்கும். பேச்சு கரகரக்கும். சாலை தோண்டினால் கம்பி அறும். செம்புக்கு விலை உண்டு. அதனால் திருட்டும் போகும்.

புதிய இணைப்பில் கண்ணாடி இழை வருகிறது. அது தலைமுடி போல மெல்லியது. அதில் மின்சாரம் ஓடாது. ஒளி ஓடும். கண்ணாடி துருப்பிடிக்காது. ஒரே இழையில் போன், இணையம், டி.வி. மூன்றும் வரும்.

வீட்டுச் சுவரில் ஒரு சிறு பெட்டி மாட்டுவார்கள். அதை மோடம் என்பார்கள். நம் பேச்சை அந்தப் பெட்டி சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி அனுப்பும். ஒவ்வொரு பொட்டலத்திலும் போக வேண்டிய முகவரி இருக்கும். மறுமுனையில் அவை வரிசையாகச் சேர்ந்து மறுபடி பேச்சாகும். எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் நடக்கும்.

பெட்டியில் போன் செருகும் துளை இருந்தால், பழைய போனையே அதில் செருகலாம்.

பாட்டி கேட்ட கேள்வி

ஒரு வீட்டில் பாட்டி தனியாக இருக்கிறார். மகன் ஒசூரில் வேலை செய்கிறார். புதிய இணைப்புக் கொடுக்க ஓர் இளைஞர் வந்தார்.

“தம்பி, இந்தப் பெட்டிக்குக் கரண்டு வேணுமா?”

“ஆமாம் பாட்டிம்மா. பக்கத்துல பிளக் இருக்கே, அதுல மாட்டிடலாம்.”

“கரண்டு போனா?”

“பெட்டி அணைஞ்சிடும். கரண்டு வந்ததும் தானா எரியும்.”

“அதுவரைக்கும் போன் பேசாதா? ராத்திரியில நெஞ்சு வலிச்சா நான் யாரைக் கூப்பிடறது?”

இளைஞர் சிறிது யோசித்தார்.

“பெட்டிக்குன்னு சின்ன பேட்டரி விக்கிறாங்க பாட்டிம்மா. அதை வச்சா சில மணி நேரம் ஓடும். செல்போனையும் தினம் சார்ஜ் பண்ணி வச்சுக்கோங்க.”

“அப்போ பேட்டரியோடவே மாட்டிக் கொடுப்பா. என் மகன்கிட்டயும் சொல்லிடறேன்.”

பாட்டி கேட்டது நல்ல கேள்வி. பழைய போனுக்கு நிலையம் மின்சாரம் கொடுத்தது. புதிய போனுக்கு நம் வீடு மின்சாரம் கொடுக்க வேண்டும். வேறுபாடு இதுதான்.

மாற்றும் முன் கேளுங்கள்

1. பழைய எண்ணே கிடைக்குமா? வங்கியிலும் உறவினரிடமும் அந்த எண்தான் இருக்கும். எண் கைக்கு வரும் முன் பழைய இணைப்பை நிறுத்த எழுதிக் கொடுக்காதீர்கள்.

2. மாதம் எவ்வளவு? வரி சேர்த்து எவ்வளவு? சலுகை முடிந்த பிறகு எவ்வளவு?

3. பெட்டி யாருடையது? அதற்குத் தனிப் பணம் உண்டா?

4. பழைய இணைப்புக்குக் கட்டிய முன்பணம் திரும்பி வருமா?

5. பழுதானால் எந்த எண்ணில் புகார் சொல்வது?

பதிலைத் தாளில் எழுதி வாங்குங்கள். படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். கட்டிய பணத்துக்கு ரசீது கேளுங்கள்.

ஏமாறாதீர்கள்

“உங்கள் போன் இன்னும் இரண்டு மணி நேரத்தில் நின்றுவிடும். ஒன்பதை அழுத்துங்கள்” என்று சிலர் போனில் மிரட்டுவார்கள். எதையும் அழுத்தாதீர்கள். போனை வைத்துவிடுங்கள். செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. எண் வீட்டுச் சாவி போன்றது. அதை முன்பின் தெரியாதவரிடம் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

பதில் எழுதுங்கள்

1. கரண்டு போனாலும் பழைய போன் எப்படிப் பேசியது?

2. பாட்டி ஏன் பேட்டரி கேட்டார்?

3. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்: பழைய போனுக்குச் ______ கம்பி. புதிய போனுக்குக் ______ இழை.

செய்து பாருங்கள்

ஒரு தாளை எடுங்கள். அவசர உதவிக்கு 112, ஆம்புலன்சுக்கு 108 என்று பெரிதாக எழுதுங்கள். கீழே உங்கள் வீட்டுக்கு வேண்டிய இரண்டு பேரின் எண்களை எழுதுங்கள். போனுக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள். வீட்டில் உள்ள எல்லோரையும் ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள்.