காணாமல் போனவர்களைப் பற்றி எழுதப்போகும் தம்பிக்கு



காட்டிலும் மலையிலும் காணாமல் போனவர்களைப் பற்றி ஒரு தொடர் எழுதப்போவதாகவும், முதல் கட்டுரை தியாத்லோவ் கணவாய் என்றும் சொல்லியிருந்தாய். எழுத உட்காருமுன் இதைப் படித்துவிடு.

1959 ஜனவரியில் சோவியத் நாட்டின் ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகரிலிருந்து பத்துப் பேர் வட யூரல் மலைக்குப் பனிச்சறுக்குப் பயணம் கிளம்பினார்கள். பெரும்பாலோர் யூரல் பாலிடெக்னிக்கில் படிப்பவர்கள் அல்லது படித்து முடித்தவர்கள். தலைவர் இகோர் தியாத்லோவுக்கு வயது 23. உடம்புக்கு முடியாமல் ஒருவர் பாதியில் திரும்பிவிட்டார். மற்ற ஒன்பது பேரும் பிப்ரவரி முதல் நாள் இரவு மலைச்சரிவில் கூடாரம் அடித்தார்கள். பிறகு யாரும் உயிரோடு திரும்பவில்லை.

தேடிப் போனவர்கள் பிப்ரவரி 26 அன்று கூடாரத்தைக் கண்டார்கள். துணி உள்ளேயிருந்து கிழிக்கப்பட்டிருந்தது. பூட்ஸும் கோட்டும் உள்ளேயே கிடந்தன. சுமார் ஒன்றரை கிலோமீட்டர் கீழே ஒரு மரத்தடியில் இரண்டு உடல்கள், உள்ளாடையோடு. கடைசி நான்கு உடல்கள் மே மாதம்தான் ஓடைப் பள்ளத்தில் பனிக்கடியில் கிடைத்தன. அவர்களில் மூவருக்கு விலா எலும்போ மண்டையோடோ நொறுங்கியிருந்தது. ஒரு பெண்ணுக்கு நாக்கு இல்லை. சில உடைகளில் கதிரியக்கம். மனிதர் வெல்ல முடியாத ஓர் இயற்கைச் சக்தியே காரணம் என்று எழுதி அரசு கோப்பை மூடியது.

அப்படி மூடிய கோப்பு கதைகளுக்கு நல்ல விளைநிலம். முதல் சந்தேகம் அந்த மலையைச் சுற்றி வாழும் மான்சி பழங்குடி மக்கள்மேல் விழுந்தது. பிறகு ரகசிய ஏவுகணைச் சோதனை என்றார்கள். 1990-ல், வழக்கை விசாரித்த அதிகாரி லெவ் இவானோவே வானத்து நெருப்புக் கோளங்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார். 2014-ல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி பனிமனிதனைக் கொண்டுவந்து நிறுத்தியது. பனிப்போர்க் காலத்தில் ஏவுகணை, பறக்கும் தட்டுக் காலத்தில் நெருப்புக் கோளம்: அந்தந்தக் காலம் தன்னிடம் இருந்த பயத்தை அந்த மலைமேல் ஏற்றியது.

இதையெல்லாம் நம்புகிறவர்களை முட்டாள்கள் என்று எழுதிவிடாதே. பயிற்சியும் உடற்கட்டும் உள்ள ஒன்பது பேரைக் கொஞ்சம் பனி கொன்றது என்றால் பெற்ற மனசு ஒப்புமா? இழப்பு பெரிது, காரணமும் அதே அளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று மனம் கேட்கிறது. அரசு வேறு எதையோ மறைப்பதுபோல் நடந்துகொண்டது. இவற்றோடு, எல்லா விசித்திரங்களையும் ஒரே ரகசியத்தில் கட்டிவிடும் ஆசையும் சேர்ந்துகொள்கிறது. நீ கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான்.

ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பார். நாக்கு இல்லாத உடல் மாதக்கணக்கில் பனியிலும் ஓடும் நீரிலும் கிடந்தது. மென்மையான சதை முதலில் அழியும். கதிரியக்கத்தைப் பொறுத்தவரை, குழுவில் ஒருவர் மாயாக் அணு ஆலையில் வேலை பார்த்தவர். 1957-ல் அங்கே பெரும் விபத்து நடந்திருந்தது. காயங்களுக்கும் கிழிந்த கூடாரத்துக்கும் 2021 ஜனவரியில் சுவிட்சர்லாந்திலிருந்து ஒரு விடை வந்தது. யோஹான் கோம், அலெக்சாண்டர் புஸ்ரின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: கூடாரம் போடச் சரிவை வெட்டியதால் மேலே இருந்த பனியடுக்கு தாங்கலை இழந்தது, காற்று இரவெல்லாம் அதன்மேல் பனியைக் குவித்தது, பல மணி நேரம் கழித்து ஒரு சிறிய பலகைபோல அது பெயர்ந்து, தூங்கியவர்கள்மேல் விழுந்தது. கார் மோதல் சோதனைகளின் பழைய தரவைக் கொண்டு, கூடாரத் தரையில் படுத்திருந்தவர்களின் விலாவை அது முறிக்க முடியும் என்றும் காட்டினார்கள்.

உள்ளாடையோடு கிடந்த அந்த இருவர்தான் இந்தக் கதையில் மிக முக்கியமானவர்கள். அவர்களுடைய உடைகள் எங்கே போயின தெரியுமா? பள்ளத்தில் கிடந்தவர்களின் உடம்பில் இருந்தன. இறந்துபோன தோழர்களின் உடையை வெட்டி எடுத்து, உயிரோடு இருந்தவர்கள் போர்த்திக்கொண்டார்கள். மரத்தடியில் நெருப்பு மூட்டினார்கள். பனியில் பள்ளம் தோண்டிக் கிளைகளைப் பரப்பி உட்கார இடம் செய்தார்கள். மூவர் கூடாரத்தை நோக்கித் திரும்பும் வழியில் விழுந்து கிடந்தார்கள். கடும் குளிரில், இருட்டில், காயம்பட்டவர்களையும் விடாமல் அவர்கள் போராடியிருக்கிறார்கள். பனிமனிதன் கதையில் இந்தப் போராட்டத்துக்கு இடமே இல்லை. அதில் அவர்கள் வெறும் இரை. எனக்கு இதைவிடப் பெரிய அநீதி தெரியவில்லை.

எளிய காரணத்தை மனம் ஏற்க மறுப்பது இந்த மலையோடு முடிவதில்லை. 2013-ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் அப்பலாச்சியன் பாதையில் நடந்த ஒரு பெண், இயற்கை உபாதைக்காகப் பாதையை விட்டு ஒதுங்கி வழிதவறினார். அவர் அனுப்ப முயன்ற செய்திகள் சிக்னல் இல்லாமல் போய்ச் சேரவில்லை. அவர் இருந்த இடத்தில் 2015-ல் நாட்குறிப்பு கிடைக்கும்வரை யாராவது ஏதாவது செய்திருப்பார்களோ என்ற பேச்சு ஓயவில்லை. கிடைத்த குறிப்போ, அவர் மூன்று வாரங்களுக்கும் மேலாகக் காத்திருந்ததைச் சொன்னது.

இனி உன் கட்டுரைக்கு வருவோம். பனிப்பலகை விளக்கம் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்று எழுதாதே. கூடாரத்தை விட்டு இறங்கியபின் நடந்தவற்றை அந்த ஆய்வு விளக்க முன்வரவில்லை. அதை அப்படியே எழுது. மான்சி மக்கள் விசாரிக்கப்பட்டதைச் சொல்லும் பத்தியிலேயே, கூடாரம் உள்ளிருந்து வெட்டப்பட்டது பரிசோதனையில் தெரிந்ததையும், தேடுதலில் மான்சி வேட்டைக்காரர்கள் கூடவே அலைந்ததையும் சேர்த்துவிடு. அடுத்த பத்திக்குத் தள்ளினால் சந்தேகம் மட்டும் வாசகர் மனசில் தங்கிவிடும்.