டிராகன் பல்

சீன நாட்டில் உழவர்கள் நிலத்தைத் தோண்டும்போது, கல்லாய் இறுகிய பெரிய எலும்புகளும் பற்களும் சில வேளைகளில் வெளிப்படும். அவை டிராகனுடையவை என மக்கள் நம்பினர். சீனக் கதைகளில் வரும் டிராகன் மழையைத் தரும் நல்ல உயிர். ஆகவே, அதன் எலும்பு நோயையும் தீர்க்கும் எனக் கருதினர். மருந்துக் கடைகளில் அவை விற்கப்பட்டன. எலும்பை நாவில் வைத்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும். அதுவே நல்ல சரக்கு. பிறகு அதனை இடித்துக் காய்ச்சிக் குடிப்பர்.

அவ்வாறு குடித்துத் தீர்த்தவை எவை என்பது பின்னரே தெரிந்தது. 1899ஆம் ஆண்டில் வாங் யிரோங் என்னும் அறிஞர், இவ்வெலும்புகள் சிலவற்றில் பழைய எழுத்துகள் கீறப்பட்டிருப்பதை உணர்ந்தார். அவை மாட்டின் தோள்பட்டை எலும்புகளும் ஆமை ஓடுகளும் ஆகும். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஷாங் அரசர்கள் மழையும் போரும் பற்றிக் குறி கேட்டு எழுதுவித்தவை. எழுத்து இருந்தால் விலை போகாது என்று உழவர்கள் அவற்றைச் சுரண்டி விற்றதும் உண்டு என்பர்.

ஜாவாத் தீவில் புதைபடிவங்களை ஆராய்ந்துவந்த கோனிக்ஸ்வால்டு, இச்செய்தி அறிந்தவர். எனவே, அவர் சீன மருந்துக் கடைகளைத் தேடிச் சென்றார். 1935இல் ஹாங்காங் கடை ஒன்றில் 'டிராகன் பற்கள்' இடையே ஒரு கடைவாய்ப்பல்லைக் கண்டார். குரங்கினத்தின் பல்தான், ஆனால், மனிதப் பல் அதன் அருகில் மிகச் சிறிதாகத் தோன்றும். அவ்விலங்குக்குப் பேருருவக் குரங்கு எனப் பொருள்படும் 'ஜைகாண்டோபித்தேகஸ்' என்னும் பெயரை இட்டார்.

இன்றுவரை அதன் பற்களும் சில தாடை எலும்புகளுமே உறுதியாகக் கிடைத்துள்ளன. கையோ காலோ கிடைக்கவில்லை. இதற்கு முள்ளம்பன்றியே பெரிய காரணம் என்பர் ஆய்வாளர். குகைக்குள் எலும்பை இழுத்துச் சென்று கொறிப்பது அதன் வழக்கம். பல்லின் வேரைக்கூட அது விடவில்லை. மேலே உள்ள எனாமல் மட்டும் அதன் பல்லுக்கும் கடினமாக இருந்தது, அதனால் தப்பியது. அந்த எனாமல் தடித்தது, பல்லோ அகன்றது. ஆகவே, அக்குரங்கு கடினமான தாவர உணவை நெடுநேரம் மென்று தின்றது என அறிகிறோம். உருவத்தைக் கண்டோர் இல்லை. உணவு மட்டும் தெரிகிறது!

கடைக்காரரின் உரலுக்கும் முள்ளம்பன்றியின் பல்லுக்கும் தப்பிய ஒன்றே அன்று கோனிக்ஸ்வால்டு கையில் இருந்தது. அடுத்த சில ஆண்டுகள் கடைகடையாய்த் தேடியும் அவருக்கு மேலும் மூன்று பற்களே அகப்பட்டன.

பயிற்சி

1. கடித்தல், கொறித்தல், மெல்லுதல் – வேறுபாடு யாது? கரும்பு, வேர்க்கடலை, வெற்றிலை ஆகியவற்றுக்கு எச்சொல் பொருந்தும்?
2. முள்ளம்பன்றி எனாமலை விட்டுவைத்தது ஏன்?
3. எலும்பில் இருந்த எழுத்தை உழவர் சுரண்டியதால் இழந்தது என்ன? ஐந்து வரிகளில் எழுதுக.