படத்துண்டுகளுக்குக் குறிச்சொல் இடுதல்

ஒரு பொருள் நம்மிடத்து இருத்தல் வேறு. வேண்டும்பொழுது அது நம் கைக்கு வருதல் வேறு. இவ்வேற்றுமையை யாம் ஏட்டிற் படித்தறிந்திலேம், பட்டே அறிந்தோம். வீடியோ எடுத்துத் தொகுக்கும் விருப்பமுள்ள நண்பர்கட்கு அவ்வனுபவம் ஒருவாறு பயன்படுமெனக் கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

சென்ற கல்வியாண்டில், நம் கல்லூரியின் பழைய நாட்களைப்பற்றிச் சிறு படமொன்று ஆக்கவேண்டுமென்று யாம் ஐவர் ஒரு காமிராவுடன் புறப்பட்டோம். மூன்று திங்களில் ஏறத்தாழ 11 மணி நேர அளவுக்கு வீடியோ சேர்ந்துவிட்டது. கிளிப் எனப்படும் படத்துண்டுகள் 400க்கு மேற்பட்டன. நெடுங்காலம் இங்கே மணியடிக்கும் பணிபுரிந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரும், மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில், விடுதித் தாழ்வாரத்தில் அமர்ந்து எங்களுக்காகப் பேசினார். தாம் கடைசியாக மணியடித்த நாளைக் கூறும்பொழுது, கயிற்றை விட மனம் வரவில்லை என்று சொல்லி, அதன்பின் பேச்சின்றிச் சிறிது நேரம் இருந்தார். கண்டுநின்ற எம் ஐவர்க்கும் கண் கலங்கிற்று. தைத்திங்களில் அப்பெரியவர் காலமானார். நினைவுக் கூட்டத்தில் அப்பகுதியைக் காட்ட இயலுமோ என்று அவர்தம் மகளார் கேட்டனுப்பினார். இயலும் என்று உடனே விடை விடுத்தோம். மூன்று இரவு தேடினோம், கிடைத்திலது. கூட்டம் அஃதின்றியே நடந்து முடிந்தது.

காமிரா தன் கடமையைச் செய்தேயிருந்தது. எடுத்த நாள், மணி, நொடிக்கு எத்தனை ஃபிரேம், படத்தின் அளவு முதலியவற்றை ஒவ்வொரு கிளிப்புடனும் அது தானே எழுதிவைக்கின்றது. ஒரு கோப்பைப்பற்றிய இத்தகைய செய்திகளை மெட்டாடேட்டா என்பர். ஆனால் காமிராவுக்கு முன்னிற்பவர் பெயர் தெரியாது. அவர் ஏன் பேச்சை நிறுத்தினார் என்பதும் தெரியாது. அது வைக்கும் பெயரோ ஓர் எழுத்தும் சில எண்களுமே. அன்றியும், அக்காமிரா நெடுநாள் பேட்டரியின்றிக் கிடந்தமையால் அதன் கடிகாரம் பழைய ஆண்டொன்றின் ஜனவரி 1க்குத் திரும்பியிருந்ததை எம்மில் ஒருவரும் கவனித்திலேம். ஆதலால் நாள்வரிசையும் எமக்குக் கைகொடுத்திலது.

காமிரா அறியாததைக் காண்பவரே எழுதவேண்டும். அவ்வாறு சேர்க்கும் சிறு சொற்களே கீவேர்டு எனப்படும் குறிச்சொற்கள். யாம் இவற்றை இடாமல் ஃபோல்டர்களையே நம்பியிருந்தோம். ஃபோல்டர் முறையில் ஒரு கிளிப் ஓரிடத்தில்தான் இருக்கும். பெரியவரின் பேச்சை 'மனிதர்' என்பதில் வைப்பதா, 'விடுதி' என்பதில் வைப்பதா, 'மணி' என்பதில் வைப்பதா? குறிச்சொல்லுக்கு இவ்விடர் இல்லை. ஒரே துண்டு மூன்று சொல்லின்கீழும் தோன்றும். ஆப்பிள் நிறுவனத்தார் 2011இல் வெளியிட்ட ஃபைனல் கட் புரோ எக்ஸ் என்னும் மென்பொருள், கிளிப் முழுமைக்குமன்றி, அதன் ஒரு பகுதிக்கு மட்டும் குறிச்சொல் இடும் வழியையும் தந்தது. 20 நிமிடப் பேச்சிலே 40 நொடியை மட்டும் தேர்ந்து 'மௌனம்' எனக் குறிக்கலாம். அடிக்கடி வேண்டும் ஒன்பது சொற்களை ஒன்பது எண்விசைகளுக்கு ஒதுக்கிவைத்து, பார்த்துக்கொண்டே இட்டுச் செல்லலாம். டாவின்சி ரிசால்வில் ஸ்மார்ட் பின் என்றொரு வசதி உண்டு. 'விடுதி' என்ற சொல்லுடைய கிளிப்புகளெல்லாம் இங்கே வருக என ஒருமுறை நிபந்தனை விதித்தால், பின்னர்ச் சேர்பவையும் தாமே அங்கு வந்தடையும்.

எவற்றைக் குறிப்பது? இவ்வினா எழுந்தபொழுது எமக்கு நன்னூல் நினைவுக்கு வந்தது. பவணந்தியார் ஒரு வினைச்சொல் உணர்த்தும் பொருள்களை ஆறாக வகுத்தார்: ஆற்றியவர் யார், எதைக்கொண்டு, எங்கே, என்ன, எப்பொழுது, எதனை. படத்துண்டும் ஒரு வினையையே காட்டுகின்றதாகலின் இவ்வாறு கேள்விகளும் அதற்கு முற்றும் பொருந்தும். தேர்வுக்காக உருப்போட்ட சூத்திரம் கணினியறையில் உதவுமென்று யாம் கனவிலும் எண்ணியதில்லை! தொகுப்பவர்க்கு வேண்டுவனவாக அண்மைக்காட்சியா, சேய்மைக்காட்சியா, ஒலி நன்றா என்பனவற்றையும் கூட்டிக்கொள்ளலாம். புறநானூற்றுப் பாடல்களின் கீழே திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் என்னும் குறிப்புகளைச் சேர்த்தவரும் இப்பணியையே செய்தனர். அவை இலவேல் எந்த வேந்தனைப் பற்றியது எந்தப் பாட்டு என்று நாம் தட்டித் தடவவேண்டியதே. குறுந்தொகையிலே இயற்பெயர் மறைந்துபோன புலவரொருவர், தம் பாட்டின் உவமையாலேயே செம்புலப்பெயனீரார் என வழங்கப்படுகின்றார். பெயர் இழந்தாரைக் குறிச்சொல் காத்தது.

எனினும் சொற்களை மனம்போனவாறு இடலாகாது. பிறகு யாம் குறிச்சொல் இட முற்பட்டபொழுது, ஒருவர் 'பேட்டி' என்றெழுதினார். மற்றவர் 'நேர்காணல்' என்றார். தனித்தமிழ்ப் பற்றுடைய நண்பரோ 'செவ்வி' என்றார். மூன்றும் செம்மையான சொற்களே; கணினிக்கு அவை மூன்று வெவ்வேறு பொருள்கள். இன்னுமோர் இடர் தமிழுக்கே உரியது. 'தாழ்வாரத்தில்' என எழுதிவைத்து, 'தாழ்வாரம்' என்று தேடினால் கிட்டாது. மகரம் கெட்டு அத்துச்சாரியை பெறும் புணர்ச்சி விதி தேடும் பொறிக்குத் தெரியாதன்றோ? ஆகவே வேற்றுமையுருபு ஏற்காத பெயராகவே எழுதுவதென்றும், ஒரு பொருளுக்கு ஒரு சொல்லே என்றும் முடிவுசெய்து, 35 சொற்கள் கொண்ட பட்டியொன்றைச் சுவரில் ஒட்டினோம். 'செவ்வி' தோற்றது, நண்பருக்கு அதில் இன்னும் மனத்தாங்கல் உண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் கணிதம் பயின்று, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீர்காழி அரங்கநாதனார், 1931இல் வெளியிட்ட நூலக அறிவியல் விதிகள் ஐந்தனுள் நான்காவதனை வாசகரின் நேரத்தைப் பேணுதற்கென்றே வகுத்தார். சுவரிலொட்டிய பட்டியும் அந்நோக்கத்ததே.

ஒன்று எச்சரிக்கவேண்டும். ஃபைனல் கட்டில் இடும் குறிச்சொற்கள் அம்மென்பொருளின் லைப்ரரியிலேயே தங்குவன. மூலக்கோப்பை மட்டும் வேறு கணினிக்குக் கொண்டுசென்றால் அவை உடன் வாரா. அடோபி நிறுவனத்தார் 2001இல் வகுத்த எக்ஸ்எம்பி முறையில் குறிப்புகளைக் கோப்பின் உள்ளேயோ, அருகில் துணைக்கோப்பாகவோ எழுதலாம். ரிசால்விலிருந்து குறிப்புகளை அட்டவணையாக வெளியே எடுத்துக்கொள்ளலாம். எதைக் கையாளினும் பட்டியலின் படியொன்றைத் தனியே வைத்தல் நன்று.

பெரியவரின் துண்டு எங்கே இருந்தது? கூட்டம் நடந்து இரண்டு வாரம் கழிந்தபின் எம்முள் ஒருவர், 'வேண்டாதவை' என்று நீக்கப்பட்டவற்றைத் திறந்து பார்த்தார். ஃபைனல் கட்டில் அவ்வாறு விலக்கிய பகுதிகள் அழிவதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கப்படும், அவ்வளவே. தகரக்கூரையில் விழுந்த மழையின் இரைச்சல் மிகுதியென்று முதல்நாளே அதனை விலக்கியவர் யாமே. அதனுள் யார் இருக்கின்றார் என ஒரு சொல்லும் எழுதாமல் விலக்கினோம். அவர் பேசாதிருந்த இடத்தில் மழை மட்டுமே கேட்கின்றது. இப்பொழுது அப்பகுதிக்கு 'மணி', 'விடுதி', 'மழை', 'மௌனம்' என நான்கு சொற்கள் இட்டிருக்கின்றோம். மகளாருக்கும் ஒரு படி அனுப்பினோம். ஒலியைச் சீர்செய்து மீண்டும் தருகின்றோம் என்று எழுதியிருந்தோம். மழையைக் குறைக்கவேண்டா என்று அவர் விடை அனுப்பினார்.